யாரும் மிதிக்காத நிலைப்படி

என் அப்பா தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். கடலூர்–சிதம்பரம் தடம். ஒரு நாளைக்கு நாலு நடை சிதம்பரம் வந்து போவார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து என் வீட்டுக்குப் பொடிநடையாக வந்தால் பத்து நிமிஷம். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், அந்தப் பத்து நிமிஷத்தை அவர் ஒரு நாளும் நடக்கவில்லை.

2005-ல் நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரர் வேறு சாதி. தங்களுக்குக் கீழே என்று என் அப்பா வகையறா நினைக்கிற சாதி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பதிவு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார், காக்கிச் சட்டையோடு, நடைக்கு நடுவில் வந்திருக்கிறார். "இனிமே உன் வூட்டு வாசப்படிய நான் மிதிச்சேன்னா என்னான்னு கேளு," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அதற்கெல்லாம் குறைச்சலே கிடையாது. சில்லறை இல்லை என்று பயணியிடம் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார், வண்டிக்குப் போய்விட்டார்.

அம்மா வருவாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும். நடராஜரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அப்பா வண்டியிலேயே ஏறி வருவாள். சாமியை எட்ட நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக என் வீடு. சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிப் போவாள். மகள் பிறந்த பிறகு ஒரு தடவை கேட்டேன்.

"அப்பா எதாச்சும் கேட்டாரா?"

"எங்க கேக்குறாரு? கோயில்ல கூட்டமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கூட்டம் ஜாஸ்திதான், கொழந்தைக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு மொளச்சிருக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ம்-ன்னாரு."

அந்த ஒரு 'ம்'-மை வைத்துக்கொண்டு நான் ஆறு மாசம் ஓட்டினேன்.

அதே வருஷம் ஒரு நாள், கடலூரில் வேலை முடிந்து குழந்தையோடு பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அப்பாவின் வண்டி. இறங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டாக வந்தார். என்னிடம் வந்ததும், "எங்க?" என்றார். ஊரில் இருக்கிற எல்லாரையும் கேட்கிற மாதிரி. "சிதம்பரம் ஒண்ணு," என்றேன், நானும் யாரோ மாதிரி. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்தார். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்து, பின்னால் நின்றவரிடம், "அந்த ஜன்னல சாத்துப்பா, காத்து அடிக்குது பாரு," என்றார். அது என் சீட்டு ஜன்னல். புதுச்சத்திரம் வரைக்கும் அழுதேன். சனியன், அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதற்குமேல் சொல்வது விளங்காது. நான் ஓவியம் படித்தவள். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண மேடை அலங்காரம், தெர்மாகோலில் மயில் வெட்டுவது, மாப்பிள்ளை பெண் பெயரை ஜிகினாவில் எழுதுவது. மனசுக்குப் பிடித்த வேலை வேறு. நிறுவல் கலை என்று புத்தகத்தில் போடுவார்கள். ஒரு அறையையே, ஒரு இடத்தையே கலைப்பொருளாக ஆக்குவது. அதிலும் வருகிறவர்கள் தொட்டால், நடந்தால், பேசினால் பதில் சொல்கிற மாதிரி ஆக்குவது. இதை என் அம்மாவுக்கு விளக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டேன். கடைசியில், "பொருட்காட்சில பேய் வீடு போடுவாங்களே, அதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முதன்முதலில் அப்படி ஒன்றைப் பார்த்தபோது நானே உதட்டைச் சுழித்தவள்தான். 2004, கல்லூரிக் கடைசி வருஷம், சென்னையில் ஒரு பட்டறை. வெளியூர்க்காரர் ஒருவர் இருட்டறை செய்திருந்தார், நடந்தால் நாம் போகிற பக்கமெல்லாம் விளக்கு வரும். இதென்ன பெரிய வித்தை, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சீரியல் செட்டு இதைவிட நன்றாக ஆடும் என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தரை துடைக்கிற அம்மா வாளியோடு உள்ளே போனார். விளக்கு அவர் பின்னாலேயே போனது. நின்றார், நின்றது. வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார், அதுவும் வந்தது. யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு! படங்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களை மட்டுமே அதுவரை பார்த்திருந்தேன். ஒரு கலைப்பொருள் தனக்கு முன்னால் நிற்கிற ஆளுக்காகக் காத்திருக்க முடியும், அந்த ஆள் வராமல் அது பாதிதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பைத்தியம் பிடித்த பிறகு எனக்கு ஓயாமல் ரிலே, ஒயர், சுவிட்ச் தேவைப்பட்டது. சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றில் போய், "ரிலே ஒண்ணு குடுங்க," என்றேன். "எத்தினி வோல்ட்டு?" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியவில்லை. "தெரியாம எதுக்கும்மா வாங்குற?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பிறகு ரொம்ப நாள், எல்லாருடைய பேச்சும் புயலுக்கு முன்னால், புயலுக்குப் பின்னால் என்றுதான் இருந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஓட்டு வீடுகள் விழுந்தன. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் முன்சுவர் இறங்கிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் புதுச்சுவர் எழுப்பி இரும்புக் கதவு போட்டுக்கொடுத்தார். பழைய மரக்கதவையும், அதைத் தாங்கியிருந்த மரச்சட்டத்தையும் வாசலில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தை நாங்கள் நிலை என்போம். அதன் அடிக்கட்டைதான் நிலைப்படி, வெள்ளிக்கிழமையானால் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்போமே, அது. நிலை மட்டும் தெருவில் மல்லாந்து கிடந்தது. சுவரில்லாமல், வீடில்லாமல். அதைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு ஒரு வேலை தோன்றிவிட்டது.

புயலில் விழுந்த வீடுகளின் நிலைகளைச் சேர்க்க வேண்டும். சுவரில்லாமல் நட்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டு ஆளின் குரல் இருக்க வேண்டும். வருகிறவர்கள் படியில் கால் வைத்தால் அந்தக் குரல் பேச வேண்டும். வீடு போய்விட்டது, வாங்க என்று சொல்கிற குரல் போகவில்லை. இது ஊருக்குச் சொல்வதற்கு. எனக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு. அவர் என் வாசலுக்கு வரமாட்டார் அல்லவா? வாசலை நான் பெயர்த்துக்கொண்டு போய் அவர் ஊரில் வைத்துவிடுகிறேன். அப்போது என்ன செய்வார், பார்ப்போம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவரு வரலைன்னா ஒடஞ்சி போயிடுவியே," என்றார். "வந்தா?" என்றேன். "வந்தா நானு ஒடஞ்சி போயிடுவேன்," என்று சிரித்தார்.

மூன்று மாசம் அலைந்து ஐந்து நிலை சேர்த்தோம், எங்களுடையதையும் சேர்த்து. பிச்சாவரம் போகிற வழியில் ஒரு மீனவர் வீட்டு அக்கா, "விறகுக்கு வச்சிருந்தேன், எடுத்துக்கோ," என்றார். குரல் பதியச் சொன்னதும் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கடைசியில், "வாங்க வாங்க, மீனு இப்பதான் கழுவுறேன், ஒக்காருங்க," என்றார். முதுநகரில் ஒரு வயசான தம்பதி. "யாரு வந்திருக்கா பாரு," என்று அவர் சொல்ல, "ஏன், உனக்குக் கண்ணு இல்லியா, நீ பாரு," என்று அந்தம்மா சொல்ல, அதையே அப்படியே பதிந்துகொண்டேன். எங்கள் வீட்டு நிலைக்கு மகளின் குரல். அப்போது அவளுக்கு ஆறு வயசு.

பேசும் பொம்மைக்குள் இருக்குமே ஒரு சின்னச் சில்லு, பத்து நொடி பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் குரலுக்கு. மின்சாரத்துக்கு பைக் பேட்டரி. அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. நிலைப்படிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து, மிதித்தால் ஒரு நூல் அளவு இறங்கி காலிங்பெல் சுவிட்சை அழுத்துகிற மாதிரி என் வீட்டுக்காரர் செய்துகொடுத்தார். நூறு தடவை சோதித்துப் பார்த்தோம். உள்ளங்கையை வைத்து அழுத்துவோம், பேசும். மறுபடி அழுத்துவோம், பேசும். ஒரு தடவை மகள் ஓடிவந்து படிமேல் ஏறி நின்றாள். "படிமேல நிக்காதடி, எத்தினி தடவ சொல்றது!" என்று நானே முதுகில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு, அடுத்த நிலையைச் சோதிக்கப் போனேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடலூர் முதுநகரில் பழைய கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. கூட ஓவியம் படித்த மூவரும் நானும் சேர்ந்து ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கினோம். மற்ற மூவரும் புதுச்சேரியில் வைக்கலாம், வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்றார்கள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். கிடங்குக்கு எதிரில் ஒரு டீக்கடை. முழங்கால் வலியால் வேலையை விட்ட பிறகு அப்பா தினமும் காலையும் சாயங்காலமும் டீ குடிக்கிற கடை அது.

முதல் நாள் நல்ல கூட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், சந்தைக்கு வந்தவர்கள், சென்னையிலிருந்து கலைப் பத்திரிகைக்கு எழுதுகிறவர் ஒருவர். முதல் ஆள் முதல் நிலைக்கு வந்தார். அவர் குனிந்து, காலை நன்றாகத் தூக்கி, படியைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தார். சத்தமில்லை. அடுத்தவர், தாண்டினார். ஒரு கர்ப்பிணிப் பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டு, தாண்டினார். சென்னைக்காரர் பூட்ஸ் காலோடு வந்தார், இவராவது மிதிப்பார் என்று பார்த்தேன். அவரும் தாண்டினார். கேட்டால் பூர்வீகம் எங்கள் மாவட்டத்துத் திட்டக்குடியாம்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. எங்கள் ஊரில் எவன் நிலைப்படியை மிதிப்பான்? தவழும்போதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், லட்சுமி இருக்கிற இடம், நிற்காதே, உட்காராதே, மிதிக்காதே. நானும் மிதித்ததில்லை. அதனால்தான் மூன்று மாசமும் கையாலேயே சோதித்திருக்கிறேன். என் காலை ஒரு தடவைகூட அதன்மேல் வைக்கவில்லை, வைக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அடிப்பாவி, படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சு!

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. "மிதிங்க சார், பரவால்ல மிதிங்க! அக்கா, மிதிச்சாதான் பேசும்!" என்று கத்தினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வயசான அம்மா ஒருவர் குனிந்து நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தத் தொடலுக்கு சுவிட்ச் அசையவில்லை. நிமிர்ந்து, "பொம்பளப்புள்ள நீ, நெலப்படிய மிதிக்கச் சொல்றியே, வெளங்குமா?" என்றார். பின்னால் ஒருவர், "மரம் நல்ல தேக்குப் போலருக்கு, என்ன வெலைக்குத் தர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை ஐந்து நிலைகளும் வாயைத் திறக்கவில்லை. எதிர் டீக்கடையில் அப்பா கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

தோற்றது ஊர் முன்னால் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவர் முன்னால் தோற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கூட்டம் வடிந்ததும் கழற்றி வண்டியில் ஏற்று என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் பாட்டுக்கு ஒரு நிலையைத் தடவிக்கொண்டு நின்றார். "கால வுடு. கை எங்க போகுதுன்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. நான் நாள் முழுக்க கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தாண்டுறப்ப ஒவ்வொருத்தரும் பக்கத்துக் கட்டய புடிக்கிறாங்க. ஒரே எடத்துல." குனிந்து பார்த்தேன். ஐந்து நிலையிலும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கை படுகிற இடத்தில், மரம் கறுத்து வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள், வந்து போனவர்கள் எல்லாரும் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். எங்கள் நிலையில் மட்டும் இரண்டு தேய்மானம், ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று இரண்டடி கீழே, மகளுக்கு. ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நான் மூளையைக் கசக்கிக் கற்பனை செய்திருந்தேன். அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் ஒரு வேலையைத் தொடங்குமுன் நான் முதலில் போய் உட்கார்ந்து ஆட்களைத்தான் பார்க்கிறேன்.

மறுநாள் காலை திறப்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் தேய்ந்த இடங்களில் மரத்தைக் கொஞ்சம் குடைந்து, சுவிட்சை உள்ளே வைத்து, மேலே மெல்லிய பலகையை ஒட்டிவிட்டார்.

முதலில் வந்தது காய்கறிக்காரம்மா ஒருவர். கையை வைத்தார், காலைத் தூக்கினார். "வாங்க வாங்க, மீனு இப்பதான் கழுவுறேன், ஒக்காருங்க." தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, "ஐயோ, இருக்கட்டும்மா, சாப்ட்டுதான் வந்தேன்!" என்றார் காய்கறிக்காரம்மா. சொல்லிவிட்டு ஆளைத் தேடினார். யாருமில்லை. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. வயசான தம்பதியின் சண்டைக்கு ஒரு வரிசை. சிலர் திரும்பிப் போகும்போது நிலையிடம், "வர்றேங்க," என்று சொல்லிவிட்டே போனார்கள். புயலில் வீடு இழந்த ஒரு அண்ணன் மட்டும் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு நிலைக்குள்ளும் போய் வந்து, கடைசியில் என்னிடம், "எங்களுதும் இப்படித்தான் இருந்திச்சி," என்றார். அவரோடு நானும் அழுதேன்.

இரண்டாம் நாள் அப்பா வரவில்லை. டீக்கடையில் இருந்தார். மூன்றாம் நாளும் டீக்கடை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய் அவரிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா 'ம்' போடுவது இங்கிருந்தே தெரிந்தது.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முழங்காலுக்குத் தைலம் தடவிய வாசனை. காலையிலேயே என் வீட்டுக்காரர் கடையைத் திறக்க சிதம்பரம் போய்விட்டார், மகளுக்கும் பள்ளிக்கூடம் அரைநாள்தான். நான் தனியாக இருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்று, முதல் நிலை, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று ஒவ்வொன்றிலும் முறையாகக் கை வைத்து, தாண்டி, குரல் கேட்டு வந்தார். சண்டைக்காரத் தம்பதியிடம் லேசாக மீசை அசைந்தது. ஐந்தாவது நிலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இது எந்த வூட்டு நெல?" என்றார்.

வாயில் பொய் தயாராக இருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வீடு என்று சொன்னால் போதும், தாண்டிவிடுவார். ஏழு வருஷமாக நான் ஆசைப்பட்டது என் கண் முன்னால் நடந்துவிடும். அவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை பாடும் இதற்குத்தானே பட்டேன்? ஆனால், தெரியாமல் தாண்டினால் அது தாண்டினதா? அவரை ஏமாற்றி உள்ளே கூட்டி வந்து நான் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வேன்?

"எங்க வூட்டுதுப்பா," என்றேன்.

அவர் கால் நகரவில்லை. மரத்தின் ரேகையைப் பார்க்கிற மாதிரி கிட்டே குனிந்து கையை வைத்தார். கீழே இருந்த தேய்மானத்தில் அல்ல, மேலே இருந்ததில்தான் வைத்தார். மகள் பேசினாள்.

"யாரு நீங்க? அம்மா வீட்ல இல்ல. அப்புறம் வாங்க."

பதிவு செய்த அன்றைக்கு நாங்கள் அவளிடம் சொன்னது, யாராவது வந்தால் என்ன சொல்வாயோ அதைச் சொல் என்று. முன்பின் தெரியாத ஆள் வந்தால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நானே பழக்கியிருந்தேன். அதைத்தான் சொன்னாள். மாற்றிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினோம், கேட்டால்தானே. சரி, இதுதான் எங்கள் வீடு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அப்பா தன் பேத்தியின் குரலை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். "யாரு நீங்க?" என்றாள். மறுபடி எடுத்தார், வைத்தார். "யாரு நீங்க? அம்மா வீட்ல இல்ல." நாலாவது தடவையும். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "பெருசு, உள்ள போங்க, ஆளுங்க நிக்கிறாங்கல்ல," என்று யாரோ சொன்னார்கள். முப்பது வருஷமாக அந்த வார்த்தையை ஊருக்கெல்லாம் சொன்னவர். அவர் உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு, என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நெல இங்க இருக்குது. வூடு அங்கல்ல இருக்குது," என்றார். "இப்ப வூட்ல யாரு இருக்கா?"

"அவளும் அவுங்க அப்பாவும். பக்கத்துலதான் கடை."

"மூணு மணி வண்டி இருக்கு."

"நானும் வர்றேன்ப்பா," என்று பையை எடுத்தேன்.

"நீ எங்க வர்ற? பாதி நடையில வண்டிய வுட்டுட்டுப் போறதா? ஆளுங்க வந்துகிட்டு இருக்காங்க பாரு," என்றார். வழி கேட்கவில்லை, தெரு பெயர்கூடக் கேட்கவில்லை. வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார், முழங்காலைப் பிடித்துப் பிடித்து.

ஆறு மணி வரைக்கும் நான் அங்கே எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். யார் யாரோ வந்தார்கள், தாண்டினார்கள், சிரித்தார்கள். வீட்டுக்காரருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. கிடங்கைப் பூட்டி ஓடிப்போய் ஏறின பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்திருந்தார்கள். அப்பா அஞ்சரை வண்டியில் திரும்பிப் போய்விட்டாராம். வழியில் எங்கேயோ ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். நாலு நாளாக ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வாசல் தாண்டுவதை நின்று நின்று பார்த்தவள் நான். நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு ஆள் தாண்டுவதை. அதை நான் பார்க்கவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வீட்டுக்காரர் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா எப்படி வந்தாரு? மொதல்ல என்ன சொன்னாரு? எங்க ஒக்காந்தாரு? ஒண்ணு வுடாம சொல்லு," என்று பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தச் சொல்றது? வந்தாரு. கொஞ்ச நேரம் பாப்பாவையே பாத்தாரு. அப்பறம் தண்ணி கேட்டாரு."

"பாப்பா குடுத்தாளா?"

"அவ கொண்டாரேன்னு ஓடினா. இரும்மான்னு அவள நிறுத்திட்டு, என்னப் பாத்து, நீங்க குடுங்கன்னாரு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியைச் சாய்த்தார். "ஒரு சொம்பு முழுக்கக் குடிச்சாரு," என்றார்.